எக்செல்ல ஃபில்டர் போட்டாலே மெமரி பத்தலன்னு வருது – பழைய கம்ப்யூட்டர், ரைஸ் மில் நெல் வரவு ஃபைல்

பாமணியாறு:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லுல கணக்கு பாக்குறேன். நெல் வரவு மொத்தமும் ஒரே எக்செல் ஃபைல்லதான் இருக்கு, எனக்கு முன்னாடி இருந்த கணக்கர் ஆரம்பிச்சு வச்சது, குறுவைக்கு ஒரு ஷீட் சம்பாவுக்கு ஒரு ஷீட் தாளடிக்கு ஒரு ஷீட்னு வருஷா வருஷம் சேந்துகிட்டே வந்திருக்கு. ஒவ்வொரு வரியிலயும் தேதி, வண்டி நம்பர், விவசாயி பேரு, ஊரு, ரகம், மூட்டை, எடை, ஈரப்பதம், கழிவு, ரேட்டு, கொடுத்த பணம், பாக்கி இவ்ளோவும் இருக்கும். நேரா வாங்குற நெல்லு 60 கிலோ மூட்டை கணக்கு, சிவில் சப்ளைஸ்ல இருந்து அரவைக்கு வர்றது 40 கிலோ சிப்பம், ரெண்டும் அதே ஷீட்டுலதான் ஏறும், பிரிச்சுக் காட்ட தனியா ஃபார்முலா ஓடுது.

இப்ப சம்பா அறுவடை, ராத்திரி வரைக்கும் டிராக்டர் வந்து நிக்குது. இந்த நேரம் பாத்து ஊரு வாரியா ஃபில்டர் போட்டு காப்பி எடுத்தா "எக்செல் கேனாட் கம்ப்ளீட் திஸ் டாஸ்க் வித் அவைலபிள் ரிசோர்சஸ், சூஸ் லெஸ் டேட்டா ஆர் க்ளோஸ் அதர் அப்ளிகேஷன்ஸ்"னு ஒரு பெட்டி வருது. ஓகே குடுத்தா போகுது, அடுத்த ஃபில்டர்ல திரும்ப வருது. சில நேரம் ஸ்க்ரீன் பாதி வெள்ளையாகி மேல இருக்க பட்டன் எதுவுமே தெரியாது. நேத்து சேவ் குடுக்கும்போதே "டாக்குமெண்ட் நாட் சேவ்டு"ன்னு வந்துடுச்சு, அதுலேர்ந்துதான் எனக்கு பயமே. விவசாயி பாக்கி கணக்குங்க இது, ஒரு வரி போனாலும் ஒரு குடும்பத்தோட பணம்.

கம்ப்யூட்டர் டூயல் கோர், எச்61 போர்டு, டிடிஆர்3 ரேம் 4 ஜிபி, விண்டோஸ் 7 32 பிட், ஆஃபீஸ் 2010. கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல 4 ஜிபின்னு போட்டு பக்கத்துலயே 3 சொச்சம்தான் யூசபிள்னு காட்டுது, அது ஏன்னும் தெரியல. ஃபைல் சைஸ் 38 எம்பி. எல்லா ஷீட்டும் சேத்து சுமார் 40 ஆயிரம் வரிசைதான் இருக்கும். கூடவே டேலியும், க்ரோம்ல வாட்ஸ்அப் வெப்பும் திறந்திருக்கும்.

சர்வீஸுக்கு வந்தவரு ஃபார்மட் அடிச்சு 8 ஜிபி ரேம் போட்டா சரியாயிடும்ங்கிறாரு. முதலாளி சீசன் முடிஞ்சு புது கம்ப்யூட்டரே வாங்கிக்கலாம்ங்கிறாரு. சீசன் முடியுற வரைக்கும் நான் என்ன பண்றது? ரேம் போட்டா நிஜமாவே சரியாகுமா?


குடமுருட்டி:

ரேம் போட்டுடுங்க மேடம். டிடிஆர்3 பழசுலயே நிறைய கெடைக்குது, தஞ்சாவூர் கும்பகோணம் ரெண்டு எடத்துலயும் வாங்கலாம். அப்படியே ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டா பழைய மெஷினும் பறக்கும். அப்புறம் கேபினட்டைத் திறந்து தூசி தட்டுங்க, மில்லுல தவிட்டுத் தூசி உள்ள போயி ஃபேன்ல அப்பிக்கும், எங்க ஊரு மில்லுல பாத்திருக்கேன், ஹீட் சிங்க் எங்க இருக்குன்னே தெரியாத அளவுக்கு அடைச்சிருந்துச்சு.


வெண்ணாறு:

குடமுருட்டி அண்ணன் சொன்ன தூசி விஷயம் கண்டிப்பா செய்ய வேண்டியது, ஆனா அது சூட்டுக்கும் திடீர்னு ஆஃப் ஆகுறதுக்கும்தான், இந்த எரருக்கும் தூசிக்கும் சம்பந்தம் இல்ல. எஸ்எஸ்டி போட்டா ஃபைல் சீக்கிரம் திறக்கும், எரர் அப்படியே இருக்கும்.

ரேம் பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன், காசு போட்டுட்டு அப்புறம் மாறலன்னு வருத்தப்படக் கூடாது பாருங்க. உங்களோடது 32 பிட் விண்டோஸ். விண்டோஸ் 7 32 பிட் மொத்தமே 4 ஜிபி வரைக்கும்தான் எண்ணும், அதுலயும் ஒரு பகுதி டிஸ்ப்ளே மாதிரி ஹார்டுவேருக்குன்னு ஒதுங்கிடும், அதனாலதான் 3 சொச்சம் யூசபிள்னு காட்டுது. இப்ப 8 ஜிபி போட்டாலும் அதே 3 சொச்சம்தான் காட்டும். விண்டோஸை மாத்தாம ரேமை மட்டும் ஏத்துறது முழுக்க வீண்செலவு.

ரெண்டாவது, இதுதான் முக்கியம். 32 பிட் எக்செல் 2010க்கு 2 ஜிபி வரைக்கும்தான் இடம். அந்த 2 ஜிபிக்குள்ளதான் எக்செல் ப்ரோகிராம், ஆட்இன் (எக்செல்லோட ஒட்டி ஓடுற துணை ப்ரோகிராம்), நீங்க திறந்து வச்சிருக்க எல்லா ஃபைலும், அன்டூ செய்யறதுக்காக அது எடுத்து வச்சிக்கிற பழைய நிலவரம், காப்பி பண்ணி வச்சது எல்லாமே அடங்கணும். மேட்டூர்ல எவ்வளவு தண்ணி கெடந்தாலும் நம்ம வாய்க்கால் மதகு எவ்வளவு விடுதோ அவ்வளவுதான வயலுக்கு, அந்தக் கதைதான் ரேமும் எக்செல்லும். இன்னொண்ணு, ஃபில்டர் போட்டு காப்பி எடுக்குற மாதிரி வேலைக்கு எக்செல்லுக்கு ஒரே தொடர்ச்சியா ஒரு பெரிய இடம் வேணும், அங்கங்க துண்டு துண்டா இருந்தா பத்தாது, அதனால 2 ஜிபியைத் தொடுறதுக்கு ரொம்ப முன்னாடியே எரர் வந்துடும். ஸ்க்ரீன் வெள்ளையாகுறதும் சேவ் ஆகாததும் இதே பத்தாக்குறையோட வேற வேற முகம்தான்.

ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வியூ மெனுவுல செலக்ட் காலம்ஸ் போயி கமிட் சைஸ்ங்கிறதை (ஒரு ப்ரோகிராம் எடுத்து வச்சிருக்க மெமரி அளவு) டிக் பண்ணுங்க. அப்புறம் இந்த ஒரு ஃபைலை மட்டும் திறந்து எக்செல் எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க. அடுத்து விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேத்து அமுக்கி, வர்ற பெட்டியில எக்செல்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு இடம் விட்டு சாய்வுகோடு போட்டு சேஃப்னு அடிங்க, ஆட்இன் எதுவும் இல்லாம எக்செல் திறக்கும். அதுல எரர் வரலன்னா ஏதோ ஒரு ஆட்இன்தான் இடத்தைத் தின்னுது. அதுலயும் வந்தா ஃபைல்லதான் பிரச்சனை. என் கணக்குப்படி ஃபைல்தான், ஏன்னா 40 ஆயிரம் வரிசைக்கு 38 எம்பிங்கிறது பொருந்தவே இல்ல. 15 காலம் (மேலிருந்து கீழ வர்ற கட்ட வரிசை)னு வச்சாலும் 6 லட்சம் செல், ஃபார்முலாவோட சேத்து 10 எம்பியே எனக்கு அதிகமாத் தெரியுது. மிச்சம் என்னமோ உள்ள உக்காந்திருக்கு.


அரசலாறு:

தங்கச்சி, வெண்ணாறு தம்பி சொன்னது சரி, உள்ள உக்காந்திருக்கதை வெளிய எடுக்குறது எப்படின்னு நான் சொல்றேன். கூட்டுறவு கடன் சங்கத்துல ரொம்ப வருஷம் இருந்தவன், பயிர்க்கடன் பட்டியல் எல்லாம் இந்த மாதிரி பழைய மெஷின்லதான் போட்டோம், இந்த எரர் எனக்கு நல்லாப் பழக்கம்.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஃபைலை வேற பேர்ல ஒரு காப்பி எடுத்து பென்டிரைவ்ல போட்டு முதலாளி கையில குடுத்துடும்மா. அதுக்கப்புறம்தான் மத்தது.

முதல்ல ஒவ்வொரு ஷீட்டுக்கும் போயி கண்ட்ரோலும் எண்டும் சேத்து அமுக்கு. கர்சர் கடைசி வண்டி எழுதின வரிசைக்குப் பக்கத்துல நின்னா அந்த ஷீட் நல்ல ஷீட். 1048576ன்னு எங்கயோ அடியாழத்துல போயி நின்னா எக்செல் அந்த ஷீட்டு முழுக்கவும் நீ எதோ எழுதியிருக்கிறதா நெனச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பழைய 2003ல 65,536 வரிசைதான், 2007ல இருந்து 10 லட்சத்து சொச்சம் வரிசையும் 16,384 காலமும் வந்துடுச்சு, அதுலேர்ந்து இந்தத் தொல்லையும் பெருசாப் போச்சு. யாராவது ஒருத்தர் பார்டர் கட்டம் போடுறேன்னு கீழ வரைக்கும் இழுத்து விட்டிருப்பாங்க, இல்லன்னா கழிவு ஃபார்முலாவை "வர்ற வண்டிக்கும் இருக்கட்டும்"னு அடி வரைக்கும் ஃபில் பண்ணியிருப்பாங்க, வெறும் செல்லாத் தெரியும் ஆனா ஒவ்வொண்ணும் இடம் புடிக்கும்.

இதை எடுக்குறதுக்கு ஒரு முறை இருக்கு. டேட்டா முடிஞ்சதுக்கு அடுத்த வரிசை நம்பரை க்ளிக் பண்ணி, கண்ட்ரோல், ஷிஃப்ட், கீழ் அம்புக்குறி மூணையும் சேத்து அமுக்கு, அடி வரைக்கும் செலக்ட் ஆகும், அப்புறம் ரைட் க்ளிக் பண்ணி டிலீட் குடு. கீபோர்டுல இருக்க டிலீட் பட்டனை அமுக்குனா எழுத்து மட்டும்தான் அழியும், பார்டரும் கலரும் அப்படியே இருக்கும், ரைட் க்ளிக்ல வர்ற டிலீட்தான் வரிசையையே தூக்கும். வலப்பக்கம் காலத்துக்கும் இதே மாதிரி. ஒரு ஷீட் முடிச்சதும் சேவ் பண்ணி, மூடித் திறந்து, மறுபடி கண்ட்ரோல் எண்ட் அடிச்சுப் பாரு. சேவ் பண்ணாத வரைக்கும் பழைய இடத்துலயே போயி நிக்கலாம், அதப் பாத்துட்டு ஆகலன்னு விட்டுடாத. எல்லா ஷீட்டையும் ஒரே மூச்சுல பண்ணாத, அன்டூவுக்காக அது எடுத்து வைக்கிறதுலயே திரும்ப மெமரி நெறஞ்சிடும்.

அடுத்தது கண்டிஷனல் ஃபார்மட்டிங். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினா சிவப்பு காட்டுற மாதிரி வச்சிருப்பீங்களே, கொள்முதல் நிலையத்துல 17தான எல்லை, அதப் பாத்து எல்லா மில்லுலயும் அப்படித்தான் வச்சிருப்பாங்க. ஒரே ஒரு விதியா இருந்தா ஒண்ணும் பாரம் இல்ல. ஆனா வரிசையை காப்பி பண்ணிப் பண்ணி ஒட்டுறப்ப அந்த விதி துண்டு துண்டா ஒடஞ்சு நூத்துக்கணக்குல பெருகிடும். ஹோம் டேப்ல கண்டிஷனல் ஃபார்மட்டிங் போயி மேனேஜ் ரூல்ஸ்ல திஸ் வொர்க்‌ஷீட்னு மாத்திப் பாரு, ஒரே விதி வரிசையா நீளமா தொங்கும். எல்லாத்தையும் க்ளியர் பண்ணிட்டு ஈரப்பதம் காலத்துக்கு மட்டும் டேட்டா இருக்க வரைக்கும் ஒரே ஒரு விதி புதுசாப் போடு.

மூணாவது, கண்ணுக்குத் தெரியாத படம். வாட்ஸ்அப் வெப்ல இருந்தோ ஏதாவது வெப்சைட்ல நெல் விலைப் பட்டியல்ல இருந்தோ காப்பி பண்ணி ஒட்டினா அதோட கூட சின்னச் சின்ன பட்டன், படம், வெறும் பெட்டி எல்லாம் வந்து உக்காந்துக்கும். ஆல்ட்டையும் எஃப்10ஐயும் சேத்து அமுக்கினா வலப்பக்கம் ஒரு பட்டியல் வரும், அந்த ஷீட்டுல எத்தனை பொருள் இருக்குன்னு அதுல தெரிஞ்சிடும். அழிக்கிறதுக்கு எஃப்5, அதுல ஸ்பெஷல், அதுல ஆப்ஜெக்ட்ஸ், ஓகே, அப்புறம் டிலீட்.

ஃபார்முலா பத்தி தனியா எழுதுறேன், இதை முதல்ல பண்ணிட்டு சொல்லு.


கோரையாறு:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் மெமரி எரர்தான் ஆனா வேற மாதிரி. உரக்கடை வச்சிருக்கேன், திருத்துறைப்பூண்டி. கம்பெனியில இருந்து மெயில்ல வர்ற ஸ்டாக் ஃபைல் 200 கேபி கூட இருக்காது, அதைத் திறந்தா மெமரியோ டிஸ்க்கோ பத்தலன்னு சொல்லிட்டு திறக்கவே மாட்டேங்குது. நான் டைப் பண்ண பெரிய ஃபைல்லாம் நல்லாத் திறக்குது. இதுவும் ரேம்தானா?


வெண்ணாறு:

கோரையாறு சார், உங்களோடது ரேமே இல்ல. மெயில்லயோ நெட்லயோ வந்த ஃபைலை எக்செல் 2010 ப்ரொடெக்டட் வியூன்னு பாதுகாப்பான ஒரு முறையிலதான் முதல்ல திறக்கும், அது சரியாத் திறக்க முடியாத மெஷின்ல இந்த மெசேஜைத்தான் காட்டும். அந்த ஃபைலை ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க, ஜெனரல் டேப்ல கீழ அன்ப்ளாக்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கி ஓகே குடுத்துட்டு திறங்க. அனுப்புனது யாருன்னு உறுதியாத் தெரிஞ்ச ஃபைலுக்கு மட்டும் இப்படிச் செய்யுங்க. ப்ரொடெக்டட் வியூவை மொத்தமா ஆஃப் பண்ணச் சொல்லி சில பேரு சொல்வாங்க, கேக்காதீங்க, கடை கணக்கு இருக்க மெஷின்ல வைரஸ் வந்தா சீசன் பாக்கி மொத்தமும் போயிடும்.

அப்படியும் திறக்கலன்னா சி டிரைவ்ல எவ்வளவு இடம் மிச்சம்னு பாருங்க. சி டிரைவ் நெறஞ்சு சிவப்பா இருந்தா எக்செல் டெம்ப் ஃபைல் எழுத இடமில்லாம இதே மாதிரி சொல்லும், ரேம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல பயன்படுத்துற பேஜ் ஃபைலும் வளர முடியாது.


கோரையாறு:

அன்ப்ளாக் குடுத்ததும் திறந்துடுச்சு. ரொம்ப நன்றிங்க.


பாமணியாறு:

அரசலாறு அண்ணே, நீங்க சொன்ன வரிசையிலயே பண்ணேன். சேஃப்ல திறந்தும் எரர் வந்துச்சு, அப்ப ஃபைல்தான்னு உறுதியாயிடுச்சு. பழைய சம்பா ஷீட்டு பூராவும் கண்ட்ரோல் எண்ட் அடிச்சா 1048576லதான் போயி நின்னுச்சு, கழிவு காலத்துல ஃபார்முலா அடி வரைக்கும் இழுத்து வச்சிருந்துச்சு, நெல்லு எடை இல்லன்னா வெறுமையா காட்டுற மாதிரி எழுதியிருந்ததால கண்ணுக்கே தெரியல. அதெல்லாம் எடுத்து சேவ் பண்ணதும் 38 எம்பி இருந்தது 14 ஆயிடுச்சு. ஈரப்பத விதி எண்ணவே முடியல, க்ளியர் பண்ணிட்டு ஒண்ணு போட்டேன்.

ஆனா படம் அழிக்கிறதுல மாட்டிக்கிட்டேன். ரேட்டு ஷீட்டுனு ஒண்ணு இருக்கு, தினமும் வெப்சைட்ல இருந்து விலை எடுத்து ஒட்டுறது. அதுல எஃப்5 போட்டு ஆப்ஜெக்ட்ஸ் ஓகே குடுத்தா அப்படியே நின்னுடுது, கொஞ்ச நேரம் கழிச்சு அதே மெமரி பெட்டி வருது.


அரசலாறு:

அவ்வளவு படம் சேந்து போச்சுன்னா செலக்ட் பண்றதுக்கே இடம் பத்தாதும்மா. அந்த ஷீட்டை அழிச்சு எடுக்காத, டேட்டாவை மட்டும் வெளிய கொண்டு வா. புதுசா ஒரு ஷீட் போட்டுக்க. பழைய ரேட்டு ஷீட்டுல டேட்டா இருக்க பகுதியை மட்டும் செலக்ட் பண்ணி காப்பி எடு, முழு ஷீட்டையும் எடுக்காத. புது ஷீட்டுல ரைட் க்ளிக் பண்ணி பேஸ்ட் ஸ்பெஷல்ல வேல்யூஸ் அண்ட் நம்பர் ஃபார்மட்ஸ்னு இருக்கும், அதைக் குடு. வேல்யூ மட்டும் ஒட்டும்போது படம் கூட வராது. இந்த ரேட்டு ஷீட்டைப் பாத்து வேற ஷீட்டுல ஃபார்முலா ஓடுச்சுன்னா, பழைய ஷீட்டை அழிக்கிறதுக்கு முன்னாடி ரீப்ளேஸ் போட்டு அந்த ஃபார்முலாவுல இருக்க ஷீட் பேரை புது ஷீட் பேரா மாத்திடு, இல்லன்னா எல்லா எடத்துலயும் ரெஃப் எரர் வந்துடும். அப்புறம் பழைய ஷீட்டை டிலீட் பண்ணு. இனிமே வெப்சைட்ல இருந்து எடுக்குறப்ப நேரா ஒட்டாம ரைட் க்ளிக்ல மேட்ச் டெஸ்டினேஷன்னு இருக்கறதைக் குடுத்து ஒட்டு, எழுத்து மட்டும் வரும்.

இப்ப ஃபார்முலா. நீ அனுப்பலன்னாலும் என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும், விவசாயி பேரு, ஊரு எடுக்க வீலுக்அப், மூட்டைக் கணக்கு பிரிக்க சம்ப்ராடக்ட், ஏதோ ஒரு எடத்துல ஆஃப்செட் இல்ல இன்டைரக்ட். சம்ப்ராடக்ட்ல முழு காலத்தையும் குடுத்திருந்தா ஒவ்வொரு ஃபார்முலாவும் 10 லட்சத்து சொச்சம் வரிசையையும் தனித்தனியா பெருக்கிப் பாக்கும், பழைய மெஷின் மூச்சு முட்டிப் போயிடும். அதையெல்லாம் சம்இஃப்ஸ்ஸா மாத்து, அது டேட்டா இருக்க வரைக்கும்தான் பாக்கும், 60 கிலோ மூட்டை 40 கிலோ சிப்பம் பிரிக்கிறதுக்கு அதுவே தாராளம். ஆஃப்செட்டும் இன்டைரக்ட்டும் எந்த செல்லைத் தொட்டாலும் திரும்பக் கணக்குப் போடும், அந்த எடத்துல இன்டெக்ஸ் போடு.

முடிஞ்சு போன பருவத்துக்கு ஃபார்முலாவே எதுக்கு? பணம் குடுத்து முடிச்ச பழைய குறுவை, பழைய தாளடி எல்லாம் இனிமே மாறப் போறதில்ல. ஷீட்டை செலக்ட் பண்ணி காப்பி எடுத்து அதே எடத்துல வேல்யூஸா ஒட்டிடு. முன்னாடியே சொன்ன மாதிரி ஃபார்முலா உள்ள ஒரு காப்பி பென்டிரைவ்ல இருக்கட்டும்.

டிராக்டர் வரிசையா நிக்கிற நேரத்துல ஃபார்முலாஸ் டேப்ல கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்ல மேனுவல்னு வச்சுட்டு எழுது, சாயங்காலம் எஃப்9 அமுக்கினா மொத்தமும் கணக்காகும். ஆனா இதுல எனக்கு ஒரு பயம் உண்டு, மேனுவல்ல வச்சது மறந்து போயி யாருக்காவது பாக்கித் தொகையைப் பாத்து பணம் குடுத்துடக் கூடாது. பணம் குடுக்குற முன்னாடி எஃப்9, இதை டேபிள் மேல எழுதி ஒட்டி வச்சுக்க.


வீரசோழனாறு:

இவ்வளவு சிரமத்துக்கு லிப்ரே ஆஃபீஸ் போட்டுக்கலாமே, இலவசம். நாங்க மயிலாடுதுறையில எங்க விவசாயிகள் குழு கணக்கு பூரா அதுலதான் வச்சிருக்கோம். இன்னொரு வழி, கமாண்ட் பிராம்ட்ல ஒரு செட்டிங் போட்டா 32 பிட் விண்டோஸ்லயே 2 ஜிபியை 3 ஜிபி ஆக்கலாம்னு படிச்சிருக்கேன், அதையும் பாக்கலாம்.


வெண்ணாறு:

அந்த 3 ஜிபி செட்டிங் இருக்கறது உண்மைதாங்க, ஆனா அது அதுக்குன்னு தயார் பண்ண ப்ரோகிராமுக்குத்தான் பலன் தரும். எக்செல் 2013, 2016க்குத்தான் அப்டேட்ல அந்த வசதி வந்துச்சு, 2010க்கு இல்ல. மேடம் மெஷின்ல அதைப் போட்டா எக்செல்லுக்கு ஒண்ணும் கூடாது, விண்டோஸுக்கு இருக்க இடம்தான் குறையும், டிஸ்ப்ளே டிரைவர் தகராறு பண்ணவும் செய்யலாம். வேண்டாம்.

லிப்ரே ஆஃபீஸ் நல்ல சாஃப்ட்வேர், எனக்கும் அதுமேல மரியாதை உண்டு. ஆனா 32 பிட் விண்டோஸ்ல அதுவும் 32 பிட்டாத்தான் ஓடும், 38 எம்பி குப்பை ஃபைலை அதுல திறந்தாலும் திணறத்தான் செய்யும். இன்னொண்ணு 25.8 வர்ஷன்ல இருந்து விண்டோஸ் 7க்கு ஆதரவை நிறுத்திட்டாங்க, பழைய வர்ஷன் தேடித்தான் போடணும். சீசன் நடுவுல சாஃப்ட்வேர் மாத்துறதே நான் சொல்ல மாட்டேன், ஃபார்மட் கொஞ்சம் மாறி பட்டியல்ல ஒரு காலம் தப்பா அச்சடிச்சா கூட விவசாயிகிட்ட பேச்சு வாங்குறது கணக்கு எழுதுறவங்கதான்.

மேடம், ஃபைல் சுத்தமானதும் சேவ் அஸ்ல எக்செல் பைனரி வொர்க்புக்னு ஒரு வகை இருக்கும், எக்ஸ்எல்எஸ்பின்னு முடியும், அதுல சேவ் பண்ணிப் பாருங்க, சைஸ் இன்னும் குறையும், திறக்குறதும் சேவ் ஆகுறதும் வேகமா இருக்கும். ஒண்ணு நினைவு வச்சுக்கங்க, திறந்ததுக்கு அப்புறம் எக்செல் உள்ள எடுக்குற மெமரி இதனால பெருசாக் குறையாது. ஆடிட்டருக்கு அனுப்புறப்ப மட்டும் பழைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ல ஒரு காப்பி போட்டு அனுப்புங்க.


பாமணியாறு:

ரேட்டு ஷீட்டு புதுசுக்கு மாத்தியாச்சு, பழைய பருவம் எல்லாம் வேல்யூ ஆக்கியாச்சு, சம்ப்ராடக்ட் இருந்த எடத்துல சம்இஃப்ஸ் போட்டாச்சு. ஃபைல் இப்ப 5 எம்பிக்குள்ள வந்துடுச்சு. டேலி திறந்து வச்சுக்கிட்டே வடுவூர் விவசாயிங்க பட்டியலை ஃபில்டர் போட்டு காப்பி எடுத்தேன், பெட்டி வரல. டாஸ்க் மேனேஜர்ல கமிட் சைஸ் பாத்தேன், முன்னாடி 1 ஜிபி தாண்டி நின்னது இப்ப 200 எம்பி பக்கத்துலதான் நிக்குது. ரொம்ப ரொம்ப நன்றி, ரெண்டு பேருக்கும்.

முதலாளிகிட்ட சொன்னேன், அப்ப புது கம்ப்யூட்டர் வேண்டாம், சீசன் முடிஞ்சதும் இதுலயே விண்டோஸ் 64 பிட் போட்டு ரேமை 8 ஆக்கிடுன்னு சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி ஏதாவது பாக்கணுமா? இந்த மெஷின்லதான் எடைமேடை சாஃப்ட்வேரும் ஓடுது, கறுப்பு ஸ்க்ரீன்ல வரும், மௌஸ் வேலை செய்யாது, எடைச் சீட்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்ல வரும்.


வெண்ணாறு:

இதை நீங்க கேட்டது ரொம்ப நல்லதாப் போச்சு. கறுப்பு ஸ்க்ரீன்ல மௌஸ் இல்லாம ஓடுறதுன்னா அது டாஸ் காலத்து (விண்டோஸுக்கு முந்தின) 16 பிட் ப்ரோகிராமா இருக்க வாய்ப்பு அதிகம். 16 பிட் ப்ரோகிராம் 64 பிட் விண்டோஸ்ல ஓடவே ஓடாது, எந்த செட்டிங் போட்டாலும் ஓடாது. 32ல இருந்து 64க்கு அப்க்ரேடும் கிடையாது, முழுசா ஃபார்மட் அடிச்சுத்தான் போடணும். அடிச்சுட்டு எடைமேடை ஓடலன்னு தெரிஞ்சா வண்டி எல்லாம் ரோட்டுல நிக்கும். எடைமேடை வச்சுக் குடுத்தவங்களைக் கூப்பிட்டு விண்டோஸ்ல ஓடுற புது சாஃப்ட்வேர் இருக்கா, 64 பிட்ல ஓடுமா, டாங்கிள் (சாஃப்ட்வேர் லைசென்ஸுக்கு மாட்டுற சின்னக் கருவி) ஏதாவது இருந்தா அதுக்கு 64 பிட் டிரைவர் இருக்கா, சீரியல் போர்ட் கேபிள் அப்படியே மாட்டலாமான்னு எழுத்துல வாங்கிக்கங்க. பிரிண்டருக்கும் 64 பிட் டிரைவர் இருக்கான்னு பாத்துக்கங்க.

அவங்க இல்லன்னு சொன்னா இந்த மெஷினை விண்டோஸ் 7 32 பிட்லயே எடைமேடைக்கு மட்டும் விட்டுடுங்க, நெட் கனெக்‌ஷனைக் கழட்டிடுங்க, ஏன்னா விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓட பாதுகாப்பு அப்டேட் நின்னு போச்சு. கணக்குக்கு தனியா ஒரு மெஷின் போடுங்க, பழசு வாங்கினாலும் பரவால்ல, 64 பிட் விண்டோஸும் 64 பிட் எக்செல்லும் இருக்கணும். விண்டோஸை மட்டும் 64 ஆக்கிட்டு அதே 32 பிட் எக்செல் 2010ஐப் போட்டா அதே 2 ஜிபிதான், இதை சர்வீஸ்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, பழக்கத்துல 32 பிட்டையே போட்டுட்டுப் போயிடுவாங்க.


அரசலாறு:

அதோட சேத்து ஒண்ணு தங்கச்சி. மெஷின் மாத்துற அன்னைக்கு ஃபைலையும் மாத்திடு. பருவத்துக்கு ஒரு ஷீட் வேண்டாம், வரவு எல்லாம் ஒரே ஷீட்டுல வரட்டும், பருவம்னு ஒரு காலம் சேத்து அதுல குறுவை, சம்பா, தாளடின்னு எழுதிக்க. பட்டியல் வேணும்ங்கிறப்ப பிவட் (டேட்டாவைத் தொகுத்துக் காட்டுற எக்செல் பட்டியல்) போட்டு எடு. பிவட் பல எடத்துல போட்டா எல்லாத்தையும் ஒரே பிவட்ல இருந்து காப்பி பண்ணிப் போடு, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற ரேஞ்ச் குடுத்துப் போட்டா ஒவ்வொண்ணும் டேட்டாவை தனித்தனியா ஒரு நகல் எடுத்து வச்சுக்கும். ஒரு ஃபைலுக்கு ஒரு வருஷம் மட்டும், ஜூன்ல மேட்டூர் திறக்குறப்ப புது ஃபைல் ஆரம்பிச்சு போன வருஷப் பாக்கியை மட்டும் ஆரம்ப இருப்பா கொண்டு வந்துடு.


பாமணியாறு:

சரிங்கண்ணே, வர்ற குறுவையில இருந்து அப்படியே ஆரம்பிச்சிடுறேன். எடைமேடைக்காரங்களுக்கு ஃபோன் பண்ணியாச்சு, அடுத்த வாரம் வந்து பாக்குறாங்களாம். அவங்க என்ன சொல்றாங்கன்னு இங்கயே எழுதுறேன்.